கடைசி ஐம்பது அடி

சென்னையில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது "அடி பம்பு" என்று சொல்லிப் பாருங்கள். முகமே மாறிவிடும். விடியற்காலை மூன்றரை மணி, தெரு முழுக்க கடக் கடக் என்ற சத்தம், பம்பு எடுக்காமல் அடம்பிடித்தால் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடிப்பது, தேய்ந்துபோன தோல் வாஷர், எதிர் வீட்டுக்காரர் நமக்கு முன்னால் எழுந்து அடிக்க ஆரம்பித்துவிட்டாரே என்ற பதற்றம். எல்லாம் நினைவுக்கு வந்துவிடும்.

என் பேத்திக்கு இதை விளக்க முயன்றேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "தாத்தா, அது போர்வெல் தண்ணியா?" இல்லையம்மா, அது குழாய்த் தண்ணீர் என்றேன். "குழாய்த் தண்ணின்னா தானாத்தானே வரணும், ஏன் அடிக்கணும்?"

ஊரெல்லாம் அடி பம்பு நிலத்தடி நீருக்காகத்தான். குழாயில் வரும் தண்ணீரைக் கையால் இழுத்த நகரம் நமது சென்னை. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை எழுதலாம் என்று தோன்றியது. 1974ல் ஒரு காண்டிராக்டரிடம் குழாய் பதிக்கும் வேலைக்கு ஓவர்சியராகச் சேர்ந்தேன். முப்பத்து நான்கு வருஷம் பள்ளத்திலேயே போயிற்று. சென்னையின் தண்ணீர்க் கதையை எழுதுகிறவர்கள் ஏரியில் ஆரம்பித்து அணையில் முடிப்பார்கள். நான் பார்த்தது தெருக் குழாய்க்கும் வீட்டு அடுப்படிக்கும் நடுவில் உள்ள கடைசி ஐம்பது அடி. அதிலிருந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

ஆரம்பத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1772ல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி, கோட்டைக்கு வடக்கே கிணறுகள் தோண்டி, அங்கிருந்து கோட்டைக்குள் இருந்த துரைமார்களுக்கும் சிப்பாய்களுக்கும் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தப் பேட்டை இன்றும் ஏழுகிணறுதான். ஊர் மக்களுக்கு அவரவர் வீட்டுக் கிணறும் கோயில் குளமும். அடுத்து ஃப்ரேசர் என்ற பொறியாளரின் யோசனை. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அங்கிருந்து சோழவரம் ஏரி, பிறகு செங்குன்றம் ஏரி, அங்கிருந்து திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம். 1872ல் இது நடைமுறைக்கு வந்தது. பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிவரும் தண்ணீர். வடிகட்டலும் கிடையாது. ஏரியில் என்ன இருந்ததோ அது குழாயிலும் வந்தது.

தி.நகரில் மேட்லி ரோடு வழியாகப் போகாத சென்னைக்காரர் இருக்க மாட்டார். அந்த மேட்லி யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜே. டபிள்யூ. மேட்லி, சென்னை நகரத் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பாக இருந்த தனிப் பொறியாளர். 1914ல் திறந்த கால்வாய்க்குப் பதிலாகச் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை பூமிக்கடியில் கட்டட வேலையாகவே ஒரு பெரிய மூடுகால்வாய் கட்டினார். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீராவி இயந்திரங்கள், இரும்பாலான உயர்ந்த தொட்டி. அந்த மணல் வடிகட்டி ஓர் அருமையான விஷயம். தண்ணீர் மெதுவாக மணலில் இறங்கும்போது மேற்பரப்பில் ஒரு வழவழப்பான படலம் உண்டாகும். அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கிருமிகளைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. மணல் வெறும் மெத்தை.

மேட்லி போட்ட கணக்கு என்ன தெரியுமா? 1961ல் சென்னையின் மக்கள்தொகை 6 லட்சத்து 60 ஆயிரம் இருக்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கேலன் தண்ணீர் தரவேண்டும் என்று கணக்கு. 1911ல் நகரத்தில் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். ஐம்பது வருஷம் முன்கூட்டி யோசித்திருக்கிறார், தாராளமான கணக்குதான். ஆனால் 1961 கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் 17 லட்சத்து 29 ஆயிரம் பேர். நடுவில் பூண்டி நீர்த்தேக்கம் 1944ல் வந்தது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அது திறக்கப்படுவதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். பூண்டியால் ஏரிக்கு வரும் தண்ணீர் கூடியது. தெருவுக்கடியில் இருந்த குழாய் மட்டும் எங்கள் பக்கத்தில் அதே பழைய குழாய்தான்.

இங்கேதான் என் ஐம்பது அடி ஆரம்பிக்கிறது.

குழாயில் தண்ணீர் இருப்பது வேறு, அழுத்தம் இருப்பது வேறு. ஒரு தெருவில் பத்து வீடு இணைப்பு வாங்கியிருந்தபோது மாடிவரை ஏறின தண்ணீர், அதே குழாயில் ஐம்பது வீடு சேர்ந்ததும் தரைமட்டக் குழாய்க்கே வராது. போதாக்குறைக்கு வார்ப்பிரும்புக் குழாயின் உட்புறத்தில் துருக் கட்டிகள் வளர்ந்து, ஆறு அங்குலக் குழாய் நாலு அங்குலமாகிவிடும். பழைய குழாய்களைத் தோண்டி எடுத்தபோது உள்ளே பார்த்திருக்கிறேன், பவழப்பாறை மாதிரி இருக்கும்.

அழுத்தம் குறைந்ததும் மக்கள் முதலில் செய்தது குழாயைக் கீழே இறக்கியது. திருவல்லிக்கேணியில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில் வாசல் ரேழியில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு தொட்டிக்குழி. இரண்டு படி இறங்கிக் குடத்தை வைக்கவேண்டும். இடுப்பில் குடத்தோடு என் அம்மா அந்தப் படியில் எத்தனை ஆயிரம் முறை ஏறி இறங்கியிருப்பார்! குழிக்கும் வராமல் போனபோது பம்பு வந்தது. பம்பு மேலே வெற்றிடம் உண்டாக்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். இருபது இருபத்திரண்டு அடிவரை இழுக்கும். தெருக் குழாய் மூன்றடி ஆழத்தில்தானே இருக்கிறது, சுலபமாக வந்தது.

இதில் ஒரு விபரீதம் இருந்தது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் போகும். நஷ்டம், அவ்வளவுதான். ஐம்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் இழுத்தால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். சென்னைத் தெருவில் குடிநீர்க் குழாய்க்கு வெளியே, ஓரிரு அடி தள்ளி, என்ன குழாய் போகிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. முதல் பத்து நிமிஷம் கலங்கலாக வரும், அதைப் பிடித்துக் கொட்டிவிட்டு அப்புறம் பிடிப்போம். என் தங்கை பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் படுத்தாள். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். அதே மாதம் நாலு வீடு தள்ளி ஒரு பையன், அவள் வகுப்புதான், பிழைக்கவில்லை. எதனால் என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்தக் காலத்தில் அதை விதி என்று சொல்லிவிடுவார்கள். குழாய் வேலைக்கு வந்து, பள்ளத்துக்குள் நின்று அந்த இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த அன்று எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தது.

பம்பு என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் கிராமங்களுக்காக உருவான 'இந்தியா மார்க் டூ' கைப்பம்பு நம் ஊர்க் குழந்தைதான். சோலாப்பூரில் புழங்கிய ஒரு பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப்பும், சென்னையில் இருந்த இயந்திரவியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து செய்தார்கள். கோவை மாவட்டத்துக் கிராமங்களில் வைத்துச் சோதித்தார்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் போயிற்று. உலகத்துக்கே ஆழ்துளைக் கிணற்றுக்குப் பம்பு கொடுத்த ஊர், தன் வீட்டுக் குழாயில் பம்பு அடித்துக்கொண்டிருந்தது.

அடி பம்புக்குப் பிறகு மோட்டார். குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது குற்றம். எல்லோரும் வைத்தார்கள். அப்புறம் சம்ப். தெருக் குழாயைவிடத் தாழ்வாகப் பூமிக்குள் ஒரு தொட்டி கட்டிவிட்டால் தண்ணீர் தானாக வழிந்து நிறையும், அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொள்ளலாம். எண்பதுகளில் மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் வந்தது. அதுவரை செங்கல் கட்டி, சிமென்ட் பூசி, ஒவ்வொரு கோடையிலும் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்த மாடித் தொட்டிகளுக்கு அத்தோடு விடுதலை. சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, பற்றாக்குறைக்கு போர்வெல், அதுவும் போதாவிட்டால் லாரி. இருபதே வருஷத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனிக் குடிநீர் வாரியம் ஆகிவிட்டது. 1978ல் அரசு சென்னைக்கென்று குடிநீர் வாரியம் அமைத்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

வீடு கட்டும் முறையும் கூடவே மாறியதை யாரும் கவனித்து எழுதியதாகத் தெரியவில்லை. பழைய சென்னை வீட்டை நினைத்துப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். தாளம் தப்பாது. அதற்குமேல் தட்டோடு. அந்த மாடியில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கும், அல்லது கிணற்றடிக்குப் போகும். வீட்டுக்கு ஒரு கிணறு, அந்தக் கிணற்றுக்கு அந்த வீட்டு மாடி. வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் வேறு யாரும் கிடையாது.

கான்கிரீட் தளம் வந்ததும் இது கலைந்தது. நான் கான்கிரீட்டுக்கு எதிரி இல்லை, அதில்தான் சாப்பிட்டேன். அது இல்லாவிட்டால் இத்தனை பேருக்கு வீடு கட்டியிருக்க முடியாது. ஆனால் ஃபிளாட் கட்டும்போது முதலில் மூடப்பட்டது கிணறு. கார் நிறுத்த இடம் வேண்டுமே! முற்றம் போயிற்று. சுற்றிலும் சிமென்ட் தரை போட்டு, மழைத் தண்ணீரைத் தெருவுக்கு விரட்டினோம். கான்கிரீட்டுக்கு வேண்டிய மணல் எங்கிருந்து வந்தது? பாலாற்றிலிருந்தும், ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையிலிருந்தும். ஆற்று மணல் என்பது கட்டடப் பொருள் மட்டுமில்லை. மழைக்காலத்துத் தண்ணீரைக் கோடைவரை பிடித்து வைத்திருக்கும் பஞ்சு அது. தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காகத் தண்ணீர் இருந்த இடத்தை லாரியில் ஏற்றினோம். இன்று எம்.சாண்ட் வந்துவிட்டது. கல்லை உடைத்துச் செய்த மணலில் பூச்சு வேலை ஓடாது என்று மேஸ்திரிகள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். முப்பது வருஷம் முன்னால் வந்திருக்கவேண்டிய சரக்கு.

கட்டுமானத்துக்கே செலவான தண்ணீரும் கொஞ்சமில்லை. தளம் போட்டு முடித்ததும் சிமென்ட் சாந்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுவோம், காலையும் மாலையும் ஹோஸ் பிடிப்பதற்கென்றே ஒரு வாட்ச்மேன் குடும்பம் இருக்கும். கோடையில் அந்தக் குடும்பம் குடிக்கத் தண்ணீருக்கு அலையும், கட்டடம் மட்டும் குளிரக் குளிர நனையும். இப்போது ரெடிமிக்ஸ் கான்கிரீட்டில் ரசாயனம் சேர்த்துக் குறைந்த தண்ணீரில் கலக்கிறார்கள். மேலே ஒரு திரவத்தைத் தெளித்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் நிற்கிறது. நல்ல முன்னேற்றம் என்று மனசாரச் சொல்வேன்.

சம்ப் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வீடு கட்டுகிற பிள்ளைகள் உங்களுக்கு இருந்தால் இதை மட்டுமாவது அவர்களிடம் சொல்லுங்கள். புதிதாகக் கட்டிய சம்ப்புக்கு மேல்தளம் போட்டு, ஓர் ஆள் நுழையும் ஓட்டை மட்டும் விட்டு, மூன்று வாரம் கழித்து சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவரை உள்ளே இறக்குவார்கள். உள்ளே மழைத் தண்ணீரில் மரமும் சவுக்கும் ஊறி அழுகிக்கொண்டிருக்கும். அழுகும் பொருள் காற்றில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். வாசனை இருக்காது, புகை இருக்காது. இறங்கினவர் சத்தமே போடாமல் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார். தெற்குப் புறநகரில் நான் பார்த்த ஒரு கட்டடத்தில் அண்ணனும் தம்பியும் அப்படியே போனார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் இன்று எட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன, அந்த சம்ப் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள்.

பழைய காலத்தில் கிணற்றில் தூர்வார இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்க மாட்டார்கள். அந்த அறிவு நம் ஊரில் இருந்தது. கான்கிரீட்டோடு மற்றதெல்லாம் கற்றுக்கொண்டோம், இதை மறந்துவிட்டோம். இன்று விளக்குக்குப் பதில், கையில் அடங்கும் வாயு அளவுமானி கிடைக்கிறது. வீடு கட்டும் மொத்தச் செலவில் அது தூசு. ஆனாலும் தனி வீடு கட்டும் இடங்களில் அதை வைத்திருக்கும் மேஸ்திரியை நான் பார்த்ததில்லை. பாதாளச் சாக்கடையில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013ல் சட்டம் போட்டார்கள். ஜெட் ராடிங் லாரி வந்தது. 2018ல் கேரளத்து இளைஞர்கள் அடைப்பு எடுக்க ஒரு ரோபோவே செய்துவிட்டார்கள். வீட்டு சம்ப்புக்குள் இறங்குகிறவருக்கு மட்டும் இன்னும் கயிறும் தைரியமும்தான்.

சரி, நீர் ஆதாரங்களுக்கு வருகிறேன். அறுபதுகளின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆராய்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். நல்ல தண்ணீர். அரசு இறைத்தது, தொழிற்சாலை இறைத்தது, விவசாயி இறைத்தார். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர் இறங்கின இடத்தில் கடல் உள்ளே வந்துவிட்டது. வீராணம் முதல் முயற்சியின் ராட்சத கான்கிரீட் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்ததும், அதற்குள் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தியதும் நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். கடைசியில் வீராணம் தண்ணீர் 2004ல் எஃகுக் குழாயில் 235 கிலோமீட்டர் ஓடி வந்தது. கிருஷ்ணா தண்ணீர் அதற்கு முன்பே, 1996 செப்டம்பரில், கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து எல்லையைத் தொட்டது. 2010ல் மீஞ்சூர் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளைக்கு 10 கோடி லிட்டர். கடல் நிலத்துக்குள் புகுந்த அதே வட்டாரத்தில் நாம் கடலைக் குடிக்க ஆரம்பித்தோம். 2013ல் நெம்மேலி, அதுவும் 10 கோடி. 2024ல் அங்கேயே இன்னொன்று, 15 கோடி. பேரூரில் 40 கோடிக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர்! தேங்காய் உடைத்து, பூ தூவி வரவேற்றோம். ஒரு கடல்நீர் ஆலையின் ஒரு நாள் உற்பத்தியில் அது நாற்பதில் ஒரு பங்கு.

கடல்நீரை வளிமண்டலத்தைப்போல் அறுபது மடங்கு அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளினால்தான் உப்பு பிரியும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம். இவ்வளவு செலவு செய்து எடுத்த தண்ணீர் கடைசியில் எங்கே வருகிறது? உங்கள் வீட்டுக்கு எதிரே, தெருக் குழாயில் துளை போட்டு மாட்டிய ஃபெரூலுக்கு. அங்கிருந்து முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் போட்ட அரை அங்குல இரும்புக் குழாய்க்கு. நான் தோண்டிப் பார்த்தவரை, பெரிய குழாய் வெடிப்பது அபூர்வம். வெடித்தால் தெருவே குளமாகி, தொலைக்காட்சியில் வந்துவிடும், அன்றே சரிசெய்வார்கள். ஃபெரூலில் ஊசி முனை அளவு கசிவது யார் கண்ணிலும் படாது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் நாளைக்கு 1,440 லிட்டர், பத்துப் பேருக்கான தண்ணீர். வருஷக்கணக்கில் மணலில் போய்க்கொண்டே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் அப்போது இருந்தார்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர், ஃபிட்டர், அறுபதை நெருங்கியவர். ராத்திரி இரண்டு மணிக்கு, தெரு அடங்கின பிறகு, நாலடி இரும்புக் கோலை வால்வின் மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். "உஸ்ஸுங்குதுடா தம்பி, இங்கிட்டு இல்ல, இன்னும் அஞ்சாறு தப்படி போ" என்பார். தோண்டினால் இருக்கும். ஈயம் ஊற்றுவதிலும் அவர்தான் ராஜா. அந்தக் கால வார்ப்பிரும்புக் குழாயில் ஒரு முனையை மறுமுனைக்குள் செருகி, சணலைத் திணித்து, சுற்றிலும் களிமண் அணைத்து, உருக்கிய ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்றவேண்டும். பள்ளத்தில் ஈரம் இருந்தால் ஈயம் வெடித்துச் சிதறும். அவர் முன்கையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

இன்று ரப்பர் வளையத்தில் சோப்புக் குழம்பு தடவிக் குழாயைத் தள்ளினால் இணைப்பு முடிந்தது. பாலித்தீன் குழாய் என்றால் இரண்டு முனையையும் சூடாக்கி ஒட்டிவிடுகிறார்கள், இணைப்பே இல்லாத மாதிரி. தெருவை வெட்டாமல் பக்கவாட்டில் துளைத்துக் குழாயை இழுக்கும் இயந்திரம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் காதுக்குப் பதிலாக, குழாயின் இரண்டு இடத்தில் கருவியை ஒட்டினால், கசிவுச் சத்தம் எதற்கு முன்னால் வருகிறது, எதற்குப் பின்னால் என்று கணக்குப் போட்டு ஓட்டை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு சிக்கல். பிளாஸ்டிக் குழாய் சத்தத்தை விழுங்கிவிடும். இரும்பு பேசும், பிளாஸ்டிக் ஊமை. அதனால் புதுக் குழாய் போடுகிற இடத்தில் ஆரம்பத்திலேயே மீட்டரும் அழுத்தமானியும் வைத்து, உள்ளே போன தண்ணீர் எவ்வளவு, வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கணக்கு எழுதியாகவேண்டும். காதால் கேட்டது போய் கணக்கால் கேட்கிற காலம். மீட்டர் என்றதும் நம்மவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அளக்காத தண்ணீரில் எது கசிவு, எது செலவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கடைசி ஐம்பது அடியில் அரசாங்கம் துணிந்து கைவைத்தது ஒரே ஒரு தடவை, 2003ல். எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்ற அவசரச் சட்டம். கெடு வைத்தார்கள், இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டினார்கள். அந்த இரண்டு மூன்று மாதம் சென்னையில் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயை மண்ணில் செருகினவர்களும் உண்டு. மூடாமல் விட்டிருந்த பழைய கிணற்றுக்குள் மாடித் தண்ணீரை இறக்கினவர்கள் பலன் கண்டார்கள். 2005 பெருமழைக்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு கிணறுகளில் கையால் எட்டித் தொடும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மெட்ராஸ் டெரஸ் காலத்து ஏற்பாடுதான், நடுவில் ஒரு பி.வி.சி. குழாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் வருவது நம் நாட்டில் நடக்காத காரியம் என்று நான் வேலையில் இருந்தவரை எல்லோரும் சொன்னார்கள். ஒடிசாவில் பூரி நகரம் 2021ல் அதைச் செய்தது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம், 24 மணி நேரமும். ரத யாத்திரைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிற ஊர். அவர்கள் புதுக் கடலையோ புது ஆற்றையோ கண்டுபிடிக்கவில்லை. பழைய குழாய்களை மாற்றி, வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் வைத்து, கசிவைத் துரத்தினார்கள். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் வெளியில் உள்ளது உள்ளே வராது. வீட்டில் சம்ப் தேவைப்படாது. அதற்குள் யாரும் இறங்கவும் வேண்டாம். கோவையிலும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை உங்கள் சம்ப்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவிலிருந்து தண்ணீர் வராத ஒரு ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அதே குச்சியால் மறுபடி பாருங்கள். எங்கள் குடியிருப்பில் போன வருஷம் பார்த்ததில் ஒரே ராத்திரியில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. நீளம் பதினைந்து அடி, அகலம் பத்தடி. பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஐந்நூறு லிட்டருக்கு மேல் வருகிறது.

இன்னும் சரிசெய்யவில்லை. உள்ளே இறங்கிப் பூச ஆள் வந்தார், கையில் கயிறு மட்டும் இருந்தது. வாயு அளவுமானி ஒன்று வாங்கின பிறகு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறேன். செயலாளருக்கு என்மேல் கோபம்.